இரண்டு கார், ஒரு சர்க்குலர்

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. எந்தக் காரைப் பார்த்தாலும் முதலில் நிறம் தெரியும், அப்புறம் அதில் உட்கார்ந்தால் இடுப்பு வலிக்குமா வலிக்காதா என்பது தெரியும். அதற்குமேல் தெரிந்துகொள்ள ஐம்பது வயது வரை அவசியம் வந்ததில்லை. அப்படிப்பட்ட என்னைக் கூப்பிட்டுத்தான் எங்கள் டைரக்டர், கம்பெனியில் இருக்கும் இரண்டு பெட்ரோல் கார்களில் எது நின்ற இடத்திலிருந்து சீக்கிரமாக நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொடுகிறது என்று அளந்து எழுத்தில் தரும்படி சொன்னார்.

ஒரகடத்தில் எங்கள் கம்பெனி. கார்க் கதவைச் சுற்றி ஒரு கறுப்பு ரப்பர் பட்டை ஓடுமே, மழைத் தண்ணீர் உள்ளே வராமல், அதைச் செய்கிறோம். அங்கே கார் எஞ்சினைப் பற்றிச் சாப்பாட்டு நேரம் முழுக்கப் பேசும் ஆண்பிள்ளைகள் ஏராளம். ஆனால் அட்மின் என்று ஒரு டிபார்ட்மென்ட் இருந்துவிட்டால், யாருடைய வேலையும் இல்லாத வேலையெல்லாம் அங்கேதான் வந்து விழும். குடிதண்ணீர் கேன், ஆயுத பூஜைக்குப் பூசணிக்காய், ஸ்டோர் ரூமில் பாம்பு வந்தால் பிடிக்க ஆள், எல்லாம் நான்தான். அந்த மே மாதம் ஸ்டாப்வாட்ச்சும் நான்தான் என்று ஆனது.

சர்க்குலர் போடுவதும் என் வேலை. அந்த மார்ச்சில் மட்டும் பதினொன்று போட்டேன். கேன்டீனில் தட்டில் கை கழுவக் கூடாது. பைக்கை ஆம்புலன்ஸ் நிற்கும் இடத்தில் நிறுத்தக் கூடாது. டைரக்டர் உள்ளே இல்லாதபோது காரில் ஏசி போடக் கூடாது. பாத்ரூமில் போன் பேசக் கூடாது. எழுதிக் கையெழுத்துப் போட்டதோடு எனக்கு மறந்துவிடும். படிக்கிறவர்கள்தானே ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

முன்பு எங்களுக்கு இரண்டு டைரக்டர்கள். இருவரும் கொரியாக்காரர்கள். ஆளுக்கொரு கார், டிராவல்ஸ்காரரிடம் ஒப்பந்தத்தில் எடுத்தது. வெள்ளை ஒன்று, சாம்பல் ஒன்று. வேறு வேறு கம்பெனி செய்த கார்கள்தான் என்றாலும் நீளம், அகலம், எஞ்சின் சக்தி எல்லாம் ஏறக்குறைய ஒன்று. ஜனவரியில் ஒரு டைரக்டர் ஊருக்குத் திரும்பிப் போனார், அவருக்குப் பதில் யாரும் வரவில்லை. மே கடைசியில் ஒப்பந்தம் முடிகிறது. இனி ஒரு கார் போதும், ஒன்றைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று மிச்சமிருந்த டைரக்டர் முடிவு செய்தார்.

எதை? அங்கேதான் ஸ்டாப்வாட்ச் வந்தது. அவர் எண்களை மட்டும் நம்புகிறவர். கேன்டீன் சாம்பார் நன்றாக இல்லை என்று யாராவது சொன்னால், எத்தனை பேர் சொன்னார்கள் என்று கேட்பார். வாலாஜாபாத் ரோட்டில் தினமும் டிரெய்லர் லாரிகளுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு அவர் நொந்து போயிருந்தார். ஆகவே எந்த வண்டிக்கு பிக்கப் அதிகமோ அது இருக்கட்டும், மற்றது போகட்டும். விளம்பரப் புத்தகத்தில் போட்டிருப்பது வேண்டாம், நம் ரோட்டில், நம் வெயிலில், ஐந்து முறை ஓட்டிச் சராசரி எடுங்கள் என்றார். “டேட்டா,” என்றார். அவர் நாளுக்கு நாற்பது முறை சொல்லும் வார்த்தை அது.

கார் போனால் டிரைவரும் போவார். டிராவல்ஸ்காரர்களிடம் அதுதான் வழக்கம். ஸ்டெப்னி மாதிரி டிரைவரும் வண்டியோடு வந்து வண்டியோடு போவார். ஒப்பந்தத்தில் ‘டிரைவருடன்’ என்று ஒரே ஒரு வார்த்தைதான் இருக்கும், அதற்குமேல் அந்த மனுஷனைப் பற்றி ஒரு வரி இருக்காது.

வெள்ளைக் காரின் டிரைவர் பிள்ளைப்பாக்கத்துக்காரர். என் வயதுதான் இருக்கும். தொழிற்பேட்டைக்கு நிலத்தைக் கொடுத்தது போக மிஞ்சிய இடத்தில் நாலு போர்ஷன் கட்டி வாடகைக்கு விட்டிருந்தார். வாய் ஓயாது. ஆனால் பேப்பரில் எழுதி ஒட்டியதை அப்படியே கடைப்பிடிப்பார். என் சர்க்குலர்களை முழுசாகப் படித்த ஒரே ஆள் அவர்தான் என்று நினைக்கிறேன்.

சாம்பல் காரின் டிரைவர் சங்கரன்கோவில் பக்கத்துப் பையன். பையன் என்றால் முப்பது வயது. கல்யாணமாகி மூன்று வருஷம். மனைவி எங்கள் கம்பெனியிலேயே டிரிம்மிங் லைனில் ரப்பர் பட்டையின் பிசிறை வெட்டிக்கொண்டிருந்தாள். அவள் ஸ்ரீபெரும்புதூரில் லேடீஸ் ஹாஸ்டலில், இவன் ஆறு பேரோடு ஒரு ரூமில். மூன்று வருஷமாக இப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை ஷிஃப்ட் இல்லாவிட்டால் கோயிலில் சந்திப்பார்கள், பஸ் ஸ்டாண்டு பக்கம் பிரியாணி சாப்பிடுவார்கள், ஏழு மணிக்கு ஹாஸ்டல் கேட்டைப் பூட்டுவார்கள். சாமிக்குக்கூடத் தாயாரோடு இருக்க இடம் இருக்கிறது, இவர்களுக்கு பஸ் ஸ்டாண்டு பெஞ்சுதான்.

கடைசியில் ஒரு வீடு அமைந்தது. பிள்ளைப்பாக்கத்துக்காரரின் நாலு போர்ஷனில் ஒன்று காலியானது. ஜூன் முதல் வெள்ளிக்கிழமை பால் காய்ச்சுவது என்று நாள் பார்த்தாகிவிட்டது. அந்தப் பெண் லைனிலிருந்து பிரேக்கில் ஓடிவந்து, கையுறையைக்கூடக் கழற்றாமல், “மேடம், நீங்க கண்டிப்பா வரணும்” என்று கூப்பிட்டுவிட்டுப் போனாள். ஆனால் ஒரு நிபந்தனை இருந்தது. பிள்ளைப்பாக்கத்துக்காரரின் மனைவி, வேலையில் இருக்கும் ஆம்பிளை இருந்தால்தான் குடித்தனம் வைப்பார். முன்னால் இருந்த ஒருத்தன் வேலை போன பிறகு ஆறு மாசம் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே கிடந்தானாம், அதிலிருந்து இந்தச் சட்டம்.

ஆக, சாம்பல் கார் தோற்றால் இந்தப் பையனுக்கு வேலையும் இல்லை, வீடும் இல்லை, மறுபடி பஸ் ஸ்டாண்டு பெஞ்சு. வெள்ளைக் கார் தோற்றால் வீட்டுக்காரருக்கே வேலை இல்லை. இதெல்லாம் தெரிந்துதான் நான் அளக்கப் போனேன். தெரிந்திருப்பதால் ஒருபக்கம் சாய்ந்துவிடக் கூடாது என்று ரொம்ப ஜாக்கிரதையாகவும் இருந்தேன்.

தொழிற்பேட்டையின் பின்பக்கம், மனை பிரித்தும் கம்பெனி வராத இடத்தில், நேராக ஒரு ரோடு போகும். போய் ஒரு வேலியில் முட்டி நின்றுவிடும். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு அங்கே ஆடுகளையும் ஒரு செக்யூரிட்டியையும் தவிர யாரும் இல்லை. ஏழு மணிக்கே வெயில் சுள்ளென்று அடித்தது.

நான் செய்த ஏற்பாடுகளைச் சொல்ல வேண்டும். எட்டு டயரிலும் ஒரே அளவு காற்று. இரண்டு டாங்கிலும் முழுப் பெட்ரோல். டிக்கியைக் காலி செய்யச் சொன்னேன். வெள்ளைக் காரிலிருந்து இரண்டு தண்ணீர் கேன், ஒரு மூட்டை கோழித் தீவனம் இறங்கின. சாம்பல் காரிலிருந்து ஒரு குடையும், புது வீட்டுக்கு வாங்கிய பிளாஸ்டிக் முக்காலியும் இறங்கின. டிரைவர்கள் இருவரும் எடையில் ஒன்றுபோல. என் எடையை இரண்டு காரும் சரிசமமாகச் சுமக்கும்படி இரண்டிலும் நானே உட்கார்ந்தேன். எதையும் விட்டுவிடவில்லை என்று எனக்கு ஒரே பெருமை.

முதலில் வெள்ளை. ஸ்பீடோமீட்டர் தெரிய வேண்டும் என்று நான் முன்சீட்டில் ஏறப் போனேன்.

“இன்னா மேடம், நீங்க போய் முன்னாடி குந்திகினு. பின்னாடி குந்துங்க, நான் நூறு வந்தா சொல்றேன்,” என்றார் பிள்ளைப்பாக்கத்துக்காரர்.

“நீங்களே ஓட்டி நீங்களே சொல்றதுக்கு நான் எதுக்கு? வீட்லயே இருந்து போன்ல கேட்டிருப்பேனே.”

முன்சீட்டுக் கதவைத் திறந்துவிட்டார். இரண்டு காருக்கும் கியர் மாற்ற வேண்டியதில்லை, அழுத்தினால் போகும். அழுத்தினார். என் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. வயிற்றில் இருந்த காபி சீட்டையும் தாண்டிப் பின்னால் போனது போலிருந்தது. முள் நூறைத் தொட்டபோது போனில் கட்டைவிரலை வைத்தேன். ஒன்பதரைக்கும் ஒன்பதேமுக்காலுக்கும் நடுவில். ஐந்து முறை அப்படியே. மூன்றாவது முறை ஒரு ஆடு குறுக்கே வந்ததால் அதைக் கணக்கில் சேர்க்காமல் இன்னொரு முறை ஓடினோம். சராசரி ஒன்பது புள்ளி ஆறு வினாடி. எனக்கு ஜாக்கெட் முதுகு தொப்பலாக நனைந்துவிட்டது. ஐம்பது வயதில் பெண்ணுக்கு எங்கே வேர்த்தாலும் வயதின் மேல் பழியைப் போட்டுவிடலாம், நானும் போட்டேன்.

அடுத்தது சாம்பல். ஏறி உட்கார்ந்ததும் அப்பாடா என்றிருந்தது. பையன் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன்னால் ஸ்டியரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். அழுத்தினான். பத்து புள்ளி இரண்டு. பத்து புள்ளி மூன்று. பத்து புள்ளி மூன்று. நான் எண்ணைச் சொல்லச் சொல்ல அவன் காதுமடல் சிவந்துகொண்டே வந்தது. சராசரி பத்து புள்ளி மூன்று.

“இன்னொருக்க ஓட்டட்டா மேடம்?” என்றான்.

“அஞ்சுன்னா அஞ்சுதான். உனக்கு ஆறுன்னா அவருக்கும் ஆறு ஓட்டணும்.”

சரியாகத்தான் பேசினேன். ஒரு நியாயஸ்தலத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பது போன்ற நினைப்பு எனக்கு. பத்து எண்களையும் கட்டம் போட்டு எழுதி, திங்கட்கிழமை காலை டைரக்டர் மேஜையில் வைத்தேன். அவர் இரண்டு முறை படித்தார். வெள்ளை இருக்கட்டும், சாம்பல் போகட்டும் என்று கையெழுத்துப் போட்டார். ரிப்போர்ட் நன்றாக இருக்கிறது என்று வேறு சொன்னார்.

மத்தியானம் பையனைக் கூப்பிட்டுச் சொன்னேன். இப்படிச் செய்திகளைச் சொல்லிச் சொல்லி எனக்குப் பழக்கம், நின்றபடியே சொல்லிவிடுவேன். அவன் என் மேஜையிலிருந்த பேப்பர்வெயிட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

“சரி மேடம். ஒண்ணே ஒண்ணு. அவகிட்ட நானே சொல்லிக்கிடுதேன். லைன்ல யாரும் முந்திச் சொல்லிராம பாத்துக்கிடுங்க.”

“சரி” என்றேன். அவன் போனதும் தண்ணீர் குடித்தேன்.

அன்று சாயங்காலம் எனக்குச் சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷன் போக வேண்டியிருந்தது. ஷேர் ஆட்டோவில்தான் போவேன், அன்று கால் வலி. வெள்ளைக் கார் சும்மா நின்றது, ஏறினேன். பிள்ளைப்பாக்கத்துக்காரர் ரோட்டைப் பார்த்துக்கொண்டே, “பாவம் மேடம் அந்தத் தம்பி. என் வூட்டுக்காரிகிட்ட சொல்லிப் பாத்தேன். வேல இல்லாதவனுக்கு வூடு கெடையாதுன்னு ஒரே புடியா நிக்கறா,” என்றார். நான் வெந்துகொண்டிருந்தேன், உடம்பும் மனசும்.

“ஏசியப் போடுங்களேன். அடுப்புக்குள்ள உக்காந்த மாதிரி இருக்கு.”

“சர்க்குலர் கீதே மேடம்.”

“என்ன சர்க்குலர்?”

“டைரக்டர் வண்டில இல்லாதப்போ ஏசி போடக் கூடாதுன்னு. மார்ச்சு மாசம். நீங்கதான் சைன் போட்டிருக்கீங்க. டிரைவருங்க ரூம்ல இன்னும் ஒட்டிகினு கீது.”

எனக்கு அப்போதுதான் முதுகில் ஒரு குளிர் ஏறியது, அந்த வெக்கையிலும். “நேத்து?” என்றேன். “நேத்துக் காலைல ஓட்டினீங்களே, அப்போ?”

“நேத்தும்தான். டைரக்டர் இல்லையே. வெறும் காத்துதான் வுட்டுகினு இருந்தேன்.”

“ஏசி இல்லாட்டி வண்டி வேகமாப் போகுமா?”

“பின்ன? அதுவும் இஞ்சின்லேர்ந்துதானே மேடம் இஸ்துக்குது. ஏசி போட்டா பிக்கப் கொஞ்சம் அடிவாங்கும். சின்னக் கொயந்தைக்கும் தெரியும்.”

“இதை ஏன் எங்கிட்ட சொல்லல?”

“நீங்க கேக்கலையே மேடம். டயரக் கேட்டீங்க, பெட்ரோலக் கேட்டீங்க, டிக்கியக் கேட்டீங்க. நான் ஒண்ணியும் மறைக்கல. அந்தத் தம்பி போட்டிருந்தானா இல்லியா, எனக்கு எப்டித் தெரியும்?”

அவர் பொய் சொல்லவில்லை. அவர் பொய் சொல்ல மாட்டார். சாம்பல் காரில் ஏறியதும் அப்பாடா என்றிருந்ததே, அது வயது திரும்பிப் போனதால் இல்லை, அங்கே ஏசி ஓடியதால். ஸ்டேஷனில் இறங்கினேன். வந்த ரயிலில் ஏறவில்லை. அடுத்ததிலும் ஏறவில்லை. பிளாட்பாரத்தில் உட்கார்ந்து என்னை நானே வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் எழுந்து வேறு பெஞ்சுக்குப் போய்விட்டார்.

மறுநாள் காலை முதல் வேலையாகப் பையனைக் கூப்பிட்டேன்.

“ஞாயித்துக்கிழமை ஏசி போட்டிருந்தியா?”

“ஆமா மேடம்.”

“ஏசி போட்டா வண்டி இழுக்காதுன்னு உனக்குத் தெரியாதா?”

“தெரியும் மேடம்.”

“தெரிஞ்சும் ஏன்டா போட்ட? உன் பொழப்பு அதுல தொங்குதுன்னு தெரியும்ல? சர்க்குலர்ல போடாதேன்னு தெளிவா எழுதியிருக்கு, அதையாவது படிச்சியா?”

சத்தம் வெளியே வரைக்கும் கேட்டிருக்கும். அவன் தலையைக் குனிந்துகொண்டான். “சொன்னா தப்பா எடுத்துக்கிட மாட்டீங்களே மேடம்?”

“சொல்லித் தொலை.”

“ஏப்ரல்ல ஒரு நா உங்கள பேங்குக்குக் கூட்டிட்டுப் போனேன். சர்க்குலர் இருக்குன்னு ஏசி போடல. கம்பெனி கேட்டுக்கிட்ட வச்சு எல்லாரும் பாக்க சத்தம் போட்டிய. ‘நான் என்ன மனுஷியா, உப்புக்கண்டமா? ஏசி போட்டா உன் கை தேஞ்சிருமா?’ன்னு கேட்டிய. அன்னையிலருந்து நீங்க ஏறுனா ஏசிதான் மேடம். ஞாயித்துக்கிழமையும் நீங்க ஏறும்போதே வேர்த்து நனஞ்சுதான் இருந்திய. அமத்தட்டான்னு எப்படிக் கேக்க? பயமா இருந்துச்சு.”

எனக்கு அந்த ஏப்ரல் நாள் ஞாபகமே இல்லை. அதுதான் இன்றுவரை உறுத்துகிறது. ஆனால் உப்புக்கண்டம் என்றது நானாகத்தான் இருக்க வேண்டும், எங்கள் வீட்டில் அந்த வார்த்தை புழங்கும். ஒருவர் என் கையெழுத்துக்குக் கீழ்ப்படிந்தார், இன்னொருவன் என் வாய்க்குக் கீழ்ப்படிந்தான். நான் அளந்தது காரையே இல்லை. என் இரண்டு உத்தரவுகளில் எது எஞ்சினுக்கு லேசானது என்பதைத்தான் ஐந்து முறை ஓட்டிச் சராசரி எடுத்திருந்தேன்.

டைரக்டரிடம் போய் ரிப்போர்ட் தப்பு என்றேன். இருபத்திரண்டு வருஷ சர்வீஸில் அந்த வார்த்தையை நான் எந்த மேஜைக்கு முன்னாலும் சொன்னதில்லை. சொல்லும்போது நாக்கு இரண்டு இடத்தில் தடுக்கியது. ஏசி, சர்க்குலர், ஏப்ரல், எல்லாவற்றையும் என் இங்கிலீஷில் சொல்லி முடித்தேன். உப்புக்கண்டத்தை மட்டும் மொழிபெயர்க்கவில்லை. அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, மறுபடி அளக்கலாம், இந்த முறை நானும் வருகிறேன் என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதே ரோடு, அதே ஆடுகள். டைரக்டர் தொப்பி போட்டுக்கொண்டு வந்திருந்தார். இரண்டு காரிலும் அவர் முன்னால், நான் பின்னால் என்று ஏற்பாடு. எண்ணை அவரே பார்ப்பார், நான் எழுதுவேன். ஓட்டத்துக்கு முன்னால் டிரைவர்கள் இருவரையும் நிற்க வைத்துச் சொன்னேன்.

“நல்லாக் கேட்டுக்கங்க. ரெண்டு பேரும் ஏசி ஆஃப். நான் போடுங்கன்னு சொல்ற வரைக்கும் யாரும் அந்த சுவிட்சத் தொடக் கூடாது. புரிஞ்சுதா?”

“புரிஞ்சுது மேடம்,” என்றார் பிள்ளைப்பாக்கத்துக்காரர். பையன் தலையாட்டினான்.

முதலில் வெள்ளை. ஐந்து ஓட்டம். கண்ணாடி ஏற்றிய கார், மே மாத வெயில், உள்ளே மூன்று பேர். டைரக்டரின் கழுத்திலிருந்து சட்டைக்குள் தண்ணீர் ஓடியதைப் பின்னாலிருந்து பார்த்தேன். ஒன்பது புள்ளி ஏழு. இந்த முறை டைரக்டரின் எடையும் சேர்ந்ததால் போன முறையைவிடப் புள்ளி ஒன்று கூடியிருந்தது. சரி பார்த்து, கூட்டி, வகுத்து, அடிக்கோடு போட்டுக்கொண்டிருந்தேன். வண்டி திரும்பி மெதுவாகப் புறப்பட்ட இடத்துக்கு வந்தது. டைரக்டர் தொப்பியால் விசிறிக்கொண்டார். பிள்ளைப்பாக்கத்துக்காரர் கண்ணாடியில் என்னை ஒருமுறை பார்த்தார், இன்னொருமுறை பார்த்தார். எதற்குப் பார்க்கிறார் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நான் கணக்கில் இருந்தேன்.

பிறகு சாம்பல். ஐந்து ஓட்டம். ஒன்பது புள்ளி ஏழு. இரண்டு முறை கூட்டிப் பார்த்தேன், ஒன்பது புள்ளி ஏழுதான். இரண்டு காரும் ஒன்று. இவ்வளவு பாடும் இதற்குத்தானா என்று எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. அதே நேரம், கடைசி ஓட்டம் முடிந்து வண்டியைத் திருப்பும்போது, பையனின் இடது கை தானாகப் போய் ஏசியைத் தட்டியது. நான் சொல்லவில்லை. அவன் யோசித்ததாகவும் தெரியவில்லை. முதல் குளிர்க் காற்று வந்ததும் டைரக்டர் கண்ணை மூடிச் சீட்டில் சாய்ந்தார்.

இறங்கியதும் எண்களைக் காட்டினேன். “ஒன்றுதான்,” என்றார். பிறகு சாம்பல் காரைக் காட்டி, “இது,” என்றார்.

“எண் ஒன்றுதானே சார்?”

வெள்ளைக் காரில் தனக்கு வேர்த்தது, கடைசிவரை வேர்த்தது என்றார். இதில் வேர்வை நின்றது என்றார். அதுவும் டேட்டாதான் என்றார்.

நான் விடவில்லை. அந்த டிரைவர் போடாததற்குக் காரணம் நான்தான், நான் சொல்லும்வரை தொடக் கூடாது என்றேன், அவர் என் சொல்லுக்குக் காத்திருந்தார், நான் சொல்ல மறந்துவிட்டேன் என்றேன். டைரக்டர் பொறுமையாகக் கேட்டார். நல்ல டிரைவர்தான் என்றார். ஆனால் ஒரு கார்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டு சாம்பல் காரின் பின்சீட்டில் ஏறிக்கொண்டார்.

பிள்ளைப்பாக்கத்துக்காரர் தண்ணீர் கேன்களையும் தீவன மூட்டையையும் மறுபடி டிக்கியில் ஏற்றிக்கொண்டிருந்தார். எல்லாம் காதில் விழுந்திருந்தது. மூடியைச் சாத்திவிட்டு, கோபமே இல்லாமல் கேட்டார்.

“இன்னா மேடம், சொல்ல மறந்துட்டீங்களா?”

“மறந்துட்டேன்,” என்றேன்.

“கண்ணாடில ரெண்டு தபா பாத்தேன்.”

“பாத்தீங்க. என் தப்புதான்.”

“சரி வுடுங்க. குந்துங்க, ஸ்டேஷன்ல வுட்டுட்டுப் போறேன்,” என்றார். அன்று வழி முழுக்க ஏசி போட்டிருந்தார். நான் கேட்கவில்லை.

டிராவல்ஸ்காரரைப் போனில் பிடித்து, அந்த மனுஷனுக்கு உடனே வேறு கம்பெனி பார்க்கச் சொல்லிச் சண்டை போட்டேன். என் வாயை ஒருமுறையாவது பிரயோஜனமாகப் பயன்படுத்தலாம் என்றுதான். ஜூலையில் பார்க்கலாம் என்றார். ஏசி சர்க்குலரை வாபஸ் வாங்கி இன்னொரு சர்க்குலர் போட்டேன். டிரைவர்கள் ரூமில் அதைப் படிக்க அப்போது ஒரே ஒரு டிரைவர்தான் இருந்தான், அவன் ஏப்ரலோடு சர்க்குலர் படிப்பதை விட்டுவிட்டான்.

ஜூன் முதல் வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்குப் பிள்ளைப்பாக்கம் போனேன். போகவே எனக்குக் கால் வரவில்லை. ஆனால் கையுறையோடு ஓடிவந்து கூப்பிட்ட பெண்ணுக்கு என்ன பதில் சொல்வது? இரண்டு ரூம், புதுச் சுண்ணாம்பு வாசனை, சுவரோரம் அந்தப் பிளாஸ்டிக் முக்காலி. வேலை இல்லாத ஆம்பிளை குடியிருக்கக் கூடாது என்ற சட்டப்படி பார்த்தால், அந்த வளாகத்தில் அன்று சட்டத்தை மீறிக் குடியிருந்தவர் வீட்டுக்காரர் ஒருவர்தான். அவர் வேஷ்டி சட்டையில், மூன்று வருஷம் கழித்து ஒரு கூரைக்குள் வந்த அந்த ஜோடியைவிட அதிகப் பரபரப்பாக அலைந்துகொண்டிருந்தார். அவர் மனைவிதான் அடுப்பைப் பற்ற வைத்தார்.

பால் பொங்கி வழிந்தது. அந்தப் பெண் கையைத் தட்டிச் சிரித்தாள். பையன் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான், கையில் வைத்திருந்த டம்ளரைக் கொடுக்கக்கூடத் தோன்றாமல். எனக்கு நெஞ்சு நிறைந்தது, அதை மறைக்க விரும்பவில்லை. அதே நேரம் வீட்டுக்காரரின் முகத்தைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சின்ன ரூம், அடுப்புச் சூடு, பத்துப் பேர். எனக்கு நெற்றியிலிருந்து ஒழுகியது.

வீட்டுக்காரர் அதைக் கவனித்துவிட்டார். சுவரில் ஃபேன் சுவிட்சுப் பக்கம் போனார். விரலைச் சுவிட்சின் மேல் வைத்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“மேடம், ஃபேன் போடலாமா? இல்ல, சர்க்குலர் எதுனா கீதா?”

எல்லாரும் சிரித்தார்கள். அவர் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பையன்கூடச் சிரித்துவிட்டு, என்னைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான். நான் நிமிர்ந்து அவரைப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. விரலை எடுக்காமல் நிஜமாகவே காத்துக்கொண்டிருந்தார்.

“போடுங்க,” என்றேன்.

போட்டார். ஃபேன் சுற்ற ஆரம்பித்தது. பக்கத்தில் வந்து பால் டம்ளரை என் கையில் கொடுத்தார்.

“அவ்ளோதான் மேடம்,” என்றார். “அன்னிக்கும் இந்த ஒரு வார்த்தைதான்.”